டெங்கு வாட்டில் சேலைன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவருக்கு நீர்ச்சமநிலைப் பாடத்தை டெங்குக் கட்டிலைப்போல் கற்றுத்தர வேறு இடமில்லை. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. கண்டி மாவட்டமும் தப்பவில்லை. டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்கும். சேலைனைக் குறைத்துக் கொடுத்தால் அதிர்ச்சி. கூட்டிக் கொடுத்தால் மூச்சுத்திணறல்.

செய்ய வேண்டியவை

• வாயால் குடிப்பதையும் கணக்கில் சேருங்கள். கசிவு நடக்கும் 48 மணித்தியாலத்துக்கு, 50 கிலோ எடையுள்ளவருக்கு நமது நாட்டு வழிகாட்டலின் கணக்கு 4,600 மில்லிலீற்றர். சேலைனும் தெம்பிலியும் கஞ்சியும் ஜீவனியும் எல்லாம் இதற்குள்தான். பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த அம்மா "கொஞ்சம் குடிச்சாங்க" என்றால் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். எந்தக் கப், எத்தனை கப் என்று தமிழிலேயே கேட்டு, மில்லிலீற்றரில் குறியுங்கள். வாட்டில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் அந்த வேலை உங்களுடையது.

• சிறுநீரை அளந்து எழுதுங்கள். 50 கிலோவுக்கு மணிக்கு 25 முதல் 50 மில்லிலீற்றர் போதும். அதற்குக் குறைந்தால் உடனே சொல்லுங்கள். கூடினாலும் சொல்லுங்கள்: நிறையப் போகிறதே என்று மகிழ வேண்டாம், சேலைன் அதிகம் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

• குருதி அமுக்கத்தின் இரண்டு எண்களையும் பாருங்கள். 100/80 என்றால் மேல் எண் நன்றாகத்தான் தெரியும். இடைவெளி 20, அது அதிர்ச்சி. நோயாளி எழுந்திருந்து பேசிக்கொண்டிருப்பார், கை கால் மட்டும் குளிர்ந்திருக்கும்.

• துளிகளை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். 20 துளிக்கு ஒரு மில்லிலீற்றர் என்ற செட்டில், மணிக்கு 100 மில்லிலீற்றர் போக நிமிடத்துக்கு 33 துளி. கையை மடக்கினாலும் வேகம் மாறும். திரும்பிப் படுத்தவருக்கு மறுபடி எண்ண வேண்டும்.

• காய்ச்சல் விட்டதும் கவனத்தைக் கூட்டுங்கள். வீட்டார் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் கசிவு தொடங்கும்.

செய்யக்கூடாதவை

• சேலைன் ஏறும் கையில், கனூலாவுக்கு மேலே இரத்தம் எடுக்காதீர்கள். சேலைன் கலந்து பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் பங்கு) குறைந்து காட்டும், சோடியம், பொட்டாசியம் அளவுகளும் பொய் சொல்லும். அந்த எண்களை நம்பித்தானே வைத்தியர் அடுத்த மணித்தியாலத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்.

• நோர்மல் சேலைனுக்குப் பதில் 5% டெக்ஸ்ட்ரோசைத் தொங்கவிடாதீர்கள். சீனி உடலில் எரிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது குருதிக் குழாயில் நிற்காது, சோடியத்தையும் இறக்கிவிடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

• பொட்டாசியம் குளோரைட்டை ஒருபோதும் நேராக நாளத்தில் தள்ளாதீர்கள். மருந்துச் சீசாவில் தண்ணீரைப்போல் தெளிவாகத்தான் இருக்கும், இதயத்தை நிறுத்திவிடும். கலந்த பையில் அளவையும் நேரத்தையும் எழுதி ஒட்டாமல் தொங்கவிடுவதும் தவறே.

• பீற்றூட் சாறு, மைலோ போன்ற சிவப்பு, பழுப்பு நிறப் பானங்களைக் குடிக்க விடாதீர்கள். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாது.

• வலி என்றதும் டைக்ளோபெனக், இபுபுரொபன் கொடுக்க இடமளிக்காதீர்கள். பரசிற்றமோல் மட்டும், அளவோடு.

• "மிஸ், தெம்புக்கு இன்னொரு சேலைன் போடுங்க" என்று உறவினர் கெஞ்சினாலும் இணங்காதீர்கள். கசிவு நின்றபின் தேங்கிய நீர் தானே குழாய்க்குத் திரும்பும். சிறுநீர் தாராளமாகப் போகும், பசிக்கும், சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அப்போதும் சேலைன் ஓடிக்கொண்டிருந்தால் நீர் நுரையீரலுக்குப் போகும். இருமலும் வேகமான மூச்சும் கண்டால் துளியைக் குறைத்துவிட்டு, வைத்தியரை அழையுங்கள்.