முட்டிவலியோடு ஒரு கோயில் சுற்று: முதல்முறை திட்டமிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், மதுரை, திரும்பும் வழியில் பழனி. “நாலே நாளில் முடிச்சிடலாம்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இளவட்டங்கள் மட்டும் போனால் முடியும்தான். எழுபதைத் தாண்டிய அம்மாவோ, பக்கவாதத்துக்குப் பிறகு கைத்தடி ஊன்றி நடக்கும் அப்பாவோ கூட வந்தால் கணக்கே வேறு.

1. முதலில் ஆள், பிறகு ஊர்

எவ்வளவு தூரம் நிற்காமல் நடப்பார்? கைப்பிடி இல்லாமல் எத்தனை படி ஏறுவார்? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? இதையெல்லாம் அவரிடமே கேட்டால் “எனக்கென்ன, நான் வருவேன்” என்பார். எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். கேட்காமல், கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் கவனியுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதென்று பயந்து பல பெரியவர்கள் நீர் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. இரண்டுமே ஆபத்து. மாத்திரை நேரத்தைப் பயணத்துக்கேற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

2. படியை எண்ணி ஊரைத் தேர்ந்தெடுங்கள்

பழனியில் ரோப்காரும் வின்ச்சும் இருப்பதால் மலை ஏற முடியாதவரும் முருகனைப் பார்க்கலாம். ஆனால் ரோப்காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காகப் பல நாள் நிறுத்துவார்கள். தேதி குறிக்கும் முன் கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள். மேலே இறங்கியபின் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 1,305 படி கொண்ட சோளிங்கர் நரசிம்மரையும் 2024 முதல் ரோப்காரில் போய்ப் பார்க்க முடிகிறது. திருச்சி உச்சிப்பிள்ளையாருக்கோ நானூறுக்கு மேல் படி. அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நிறைவடைவதில் குறையொன்றும் இல்லை.

ராமேஸ்வரத்தில் சிக்கல் வேறு. 22 தீர்த்தம் ஆடுகிறவர்கள் நனைந்தபடியே நடப்பதால் தரை ஈரமாகவே கிடக்கும். கைத்தடி வழுக்கும் இடம் அது. என்னைக் கேட்டால் தீர்த்தத்தைச் சொம்பில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

3. ரயிலும் காரும்

ரயில்வேயில் மூத்த குடிமக்களுக்கென்று கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஒரு டிக்கெட்டில் அந்த வயதுள்ளவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். பாசத்தில் மகன், மருமகள் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு கைநழுவும். பெற்றோருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். இரண்டு நிமிடமே நிற்கும் நிலையத்தில் ஏற்றுவது பெரும்பாடு. முடிந்தவரை ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள்.

விமானமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். படி ஏற முடியுமா முடியாதா என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விமானத்தின் ஏணிப்படியருகே போய் நிற்க நேரிடும்.

வேனின் படி உயரம், சிறிய காரின் இருக்கை தாழ்வு. எதுவானாலும் ஒரு முக்காலியை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி நாலடி நடக்க வையுங்கள். காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் வீங்கும், சிலருக்கு ரத்தம் உறையவும் கூடும்.

4. அறைக்கு ஃபோன் செய்யும்போது

“வயசானவங்களுக்கு வசதியா இருக்குமா?” என்று கேட்காதீர்கள். “எல்லா வசதியும் இருக்கு சார்” என்றுதான் பதில் வரும். தெருவிலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை படி? லிஃப்ட் தரைத்தளத்திலேயே நிற்குமா, அரை மாடி ஏறியா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம்? சக்கர நாற்காலி எடுத்துப்போனால் அதன் அகலத்தை முதலில் அளந்துகொண்டு, குளியலறைக் கதவின் அகலத்தைக் கேளுங்கள். அறைக்கதவு அகலமாக இருந்தும் குளியலறையில் மாட்டிக்கொள்வது சகஜம். வாட்ஸ்அப்பில் குளியலறைப் படம் அனுப்பத் தயங்கும் லாட்ஜை விட்டுவிடலாம்.

5. மருந்துப் பை

இரண்டு மூன்று நாளுக்கு உபரியாக மருந்து, மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த இசிஜி நகல். இதெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை விட்டுவிட்டுத் தரிசனத்துக்குப் போகக்கூடாது. குளிர்பையில் வைத்தாலும் ஐஸ்கட்டி நேரடியாகப் படக்கூடாது, உறைந்த இன்சுலின் உதவாது.

6. ஒரு நாளைக்கு இரண்டே கோயில்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுப்பகலில் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியிருக்கும். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். பகலில் கருங்கல் தளம் கொதிக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளத்தை இரவில்தான் பார்ப்பார்கள், அது ஆற மாதக்கணக்காகலாம். காலுறை போட அனுமதி உண்டா என்று வாசலில் கேளுங்கள். தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. நான்கு கோபுர வாசலில் அப்பா எதன் வழியே வெளியே வந்தார் என்று தேடி அலையாமலிருக்க, எந்த வாசலில் சந்திப்பது என்று உள்ளே போகும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் லாட்ஜ் பெயரையும் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.