வெட்டுக்காயத்துக்குக் கோடாலித் தைலம் வேண்டாம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பல வீடுகளில் கோடாலித் தைலப் போத்தல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய சீன மருந்து நிறுவனம் ஒன்றின் சரக்கு அது. தலையிடிக்கும் தடிமனுக்கும் தேய்க்கலாம். ஆனால் அதிலுள்ள மென்தோலும் கற்பூரமும் திறந்த காயத்தில் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். புலித் தைலமும் சித்தாலேபவும் அப்படியே. மீன் வெட்டும்போதோ வலை இழுக்கும்போதோ கை கிழிந்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. அழுத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இரத்தம் நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வையுங்கள். ஆழமாகப் பதிந்த தூண்டிலையோ முள்ளையோ பிடுங்காதீர்கள்.

2. கழுவுங்கள். இரத்தம் நின்றதும் குழாய் நீரை ஓடவிட்டுச் சில நிமிடம் கழுவுங்கள். கிணற்று நீரென்றால் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கடல் நீர் கூடாது. சவர்க்காரம் காயத்தைச் சுற்றி மட்டும்.

3. எதையும் தூவாதீர்கள். கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எல்லாம் காயத்துக்குள் அழுக்காகத் தங்கும். தையல் போடுபவர் முதலில் அதைத்தான் சுரண்ட வேண்டும். இரத்தம் நிறுத்தச் சீனர்கள் பயன்படுத்தும் யுன்னான் பாய்யாவ் தூள் 1902இல் உருவானது. அதன் முழுச் செய்முறையைச் சீன அரசு இன்றும் இரகசியமாகவே வைத்திருக்கிறது. யாராவது கொண்டுவந்து தந்தாலும் ஆழமான காயத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

4. மூடுங்கள். மெல்லிதாக வாசலின் பூசி, சுத்தமான பண்டேஜ் கட்டுங்கள். தினமும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். தேங்காயெண்ணெய், கற்றாழை எல்லாம் காயம் நன்றாக மூடிய பிறகுதான்.

5. திருக்கை, கெளுத்தி முள் குத்தினால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள், வலி குறையும். சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், 45 பாகையைத் தாண்டக் கூடாது. வலி தணிந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம்.

6. அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், வாய் பிளந்த காயமென்றால், விரல் மரத்துப்போனால் தாமதிக்காதீர்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, அம்புலன்ஸுக்கு 1990. அழுக்கான காயம் பட்டு, கடைசி ஏற்பு ஊசி போட்டு 5 வருடம் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டிவரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலில் சின்னக் கீறல் பட்டாலும் காட்டுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே போங்கள்.