இரண்டு வீடுகள் ஒன்றாகும்போது



முதிர்ந்த பெற்றோர் பிள்ளைகளோடு வாழ வரும்போதும், தனித்தனியே இருந்த உடன்பிறந்தோர் ஒரே கூரையின்கீழ் கூடும்போதும், இரண்டு வீட்டுப் பீரோக்களும் கட்டில்களும் பாத்திரங்களும் ஓரிடத்தில் சேர்வதால், அதுவரை தேவை என்று எண்ணப்பட்டவற்றுள் பெரும்பகுதி மிகுதியாகிவிடுகிறது. இதை இடநெருக்கடியாக மட்டும் காண்போர் உண்டு. ஆனால் உடைமையைப் பற்றித் திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்துவருவதை ஒரு குடும்பம் தன் கைகளாலேயே செய்துபார்க்க வாய்க்கும் காலம் அது.

பொருள் பெருகும்போது உறவு பிரியக்கூடும் என்பதை வேதாகமம் மறைக்கவில்லை. ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் லோத்தும் பிரிவதற்குக் காரணம், அவர்களுடைய மந்தைகளை ஒரே நிலம் தாங்க முடியாமற்போனதும் அதனால் மேய்ப்பர்களிடையே எழுந்த சச்சரவுமே. லூக்கா 12ஆம் அதிகாரத்தில், சகோதரனிடமிருந்து சொத்தைப் பிரித்துத் தரும்படி ஒருவன் கேட்டபோது, இயேசு பங்கிடுபவராக இருக்க மறுத்து, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைச் சொன்னார். அச்செல்வனின் திட்டத்தில் அவனைத் தவிர வேறு மனிதர் எவரும் இல்லை. மாறாக, சிலுவையில் தொங்கியபடி இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தபோது, அந்நேரம் முதல் அச்சீடன் அவரைத் தன்னிடம் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் எழுதுகிறார்.

இவ்வழியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை 4ஆம் நூற்றாண்டு வரலாற்றில் காணலாம். சிறிய ஆசியாவின் பொந்து நாட்டில், அன்னிசா என்னும் இடத்திலிருந்த செல்வக் குடும்பத்தின் மூத்த மகளான மக்ரீனா, தந்தை இறந்தபின் தாய் எம்மேலியாவோடு தங்கி, பணிப்பெண்களும் வீட்டுப் பெண்களும் ஒரே உணவை உண்டு சமமாக வாழும்படி அவ்வீட்டை மாற்றினார். சொத்து பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டபோது, அவர் தம் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல் குருவானவரின் பொறுப்பில் விட்டார். பஞ்சத்தில் பசித்தோர் திரண்டு வந்தபோது இளைய தம்பி பேதுரு அவர்களுக்கு உணவு திரட்டினார். மக்ரீனா மறைந்தபோது அடக்கத்துக்கென எடுத்துவைத்த உடை எதுவும் அவரிடம் இல்லை என்பதை, அவருடைய வரலாற்றை எழுதிய தம்பி நீசாவின் கிரகோரி பதிவுசெய்கிறார். மற்றொரு தம்பியான செசரியாவின் பசீல், மேற்சொன்ன களஞ்சிய உவமையை விளக்கிய பிரசங்கத்தில், பயன்படாமல் பெட்டியில் கிடக்கும் உடை உடையற்றவனுக்கே உரியது என்று கற்பித்தார்.

உடைமையே தவறு என்பது இதன் பொருளன்று. 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், பொருளை ஈட்டிப் பேணும் உரிமை தனியொருவருக்கு இருக்கலாம் என்றும், அதன் பயனை மட்டும் தேவையுள்ளோருடன் பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றும் பிரித்துக் காட்டினார். சபைகளில் உக்கிராணத்துவம் எனப்படுவதும் இதனோடு இணைந்ததே: தலைவனின் பொருளைப் பொறுப்பேற்று, அவன் சித்தப்படி பங்கிட்டுக் கணக்கு ஒப்புவிப்பவனின் கடமையை அச்சொல் குறிக்கிறது.

ஆகவே வீடுகள் இணையும்போது, பொருள்களை வைக்கும் முன்னரே வருகிறவரின் அறையும், உணவு மேசையில் அவருக்குரிய இடமும், சமையலறையில் அவருக்குள்ள உரிமையும் முடிவுசெய்யப்பட வேண்டும். இல்லையேல் தாயும் தன் பிள்ளையின் வீட்டில் விருந்தாளியாகிவிடுவார். அடுத்து, எதை விடுவது என்பதைப் பொருளுக்குரியவரே தீர்மானிக்கட்டும். நிலத்தை விற்ற அனனியாவிடம் அப்போஸ்தலர் பேதுரு, அது அவனுக்கே உரியதாயிருந்தது என்று நினைவூட்டியதிலிருந்து, கொடை கட்டாயத்தால் பிறப்பதன்று என்பது தெளிவாகிறது. தாத்தாவின் வேதாகமம், பாட்டியின் குத்துவிளக்கு போன்ற நினைவுப்பொருள்களைக் குடும்பம் முழுவதன் சார்பாக ஒருவர் காக்கலாம். எஞ்சிய இரண்டாவது மிக்சி, கூடுதல் போர்வை, அடுக்கடுக்கான எவர்சில்வர் பாத்திரங்கள் ஆகியவை, பழுதடைந்தபின் கழிக்கப்படாமல், நல்ல நிலையில் இருக்கும்போதே புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சேர்வதே முறை.

இதைச் செய்துமுடித்த குடும்பம், எவ்வளவு பொருளைக் குறைத்தது என்பதைவிட, உள்ளே வந்தவருக்கு எவ்வளவு இடம் கொடுத்தது, வெளியே இருந்தவருக்கு எதைக் கொண்டுசேர்த்தது என்ற இரண்டு கேள்விகளாலேயே தன்னைச் சோதித்தறிய வேண்டும். இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய வீடே கிறிஸ்துவின் பெயரைத் தகுதியோடு தாங்குகிறது.