சமைக்கிறவருக்கு ஒரு நல்ல வார்த்தை

“உப்பு கம்மி” என்பது மட்டுமே காதில் விழுகிற வீட்டில், சமைக்கிறவருக்கு மனம் சலித்துப்போவது நியாயம்தான்.

● சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சலிப்பைப் பேச வேண்டாம். வேலை முடிந்து நீங்களும் கணவரும் ஓய்ந்திருக்கும்போது, “நான் செய்றதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்” என்று நேராகச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்று காத்திருப்பது வீண்.

● தெரியாத வேலையைத் தெரியவையுங்கள். இட்லி 10 நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளித்தாக வேண்டும். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆகவே ஒரு ஞாயிறு, காய் வாங்குவதில் தொடங்கி அடுப்பைத் துடைப்பது வரை முழுவதையும் அவரிடம் விடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், எவ்வளவு கை துறுதுறுத்தாலும்.

● எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடாதீர்கள். பாத்திரங்களை நடுவில் வைத்துச் சேர்ந்தே உட்காருங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று: ‘நல்லாருக்கு’ என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கறி, எந்தக் குழம்பு பிடித்தது என்று கை கழுவும் முன்பே சொல்லிவிடுங்கள்.