லேப்டாப்பில் எந்த லினக்ஸ்? அக்கா சொல்றேன், கேளு

ஆக்குர்டியிலும் நிக்டியிலும் இன்ஜினியரிங் படிக்கிற நம்ம தேஹு ரோடு பிள்ளைகள் இரண்டாம் வருடம் வந்ததும் கேட்கிற கேள்வி இது: “அக்கா, எந்த லினக்ஸ் போடட்டும்?” நூற்றுக்கணக்கில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நீ எழுதுகிற கோட் கடைசியில் எந்த சர்வரில் ஓடப்போகிறதோ, அந்தக் குடும்பத்திலிருந்து ஒன்றை எடு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கம்பெனி சர்வர்களில் நீ அதிகம் பார்க்கப்போவது இரண்டு குடும்பங்கள். டெபியன், அதிலிருந்து வந்த உபுண்டு, உபுண்டுவிலிருந்து வந்த மின்ட் ஆகியவை ஒரு குடும்பம். இதில் மென்பொருள் போட ‘ஆப்ட்’ கட்டளை. ரெட் ஹேட், ஃபெடோரா, அல்மா, ராக்கி இன்னொரு குடும்பம், அங்கே ‘டிஎன்எஃப்’. வீட்டில் பழகிய கட்டளையும் ஃபைல் இருக்கும் இடங்களும் அலுவலகத்திலும் அப்படியே இருந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் உன் கவனம் முழுக்க வேலையில் இருக்கும்.

முதல் தடவை போடுகிறாயா? உபுண்டு எல்டிஎஸ் போடு. இரட்டைப்படை வருடங்களில் ஏப்ரல் மாதம் வரும். ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். 2024-இல் வந்த 24.04-க்கு 2029 வரை கவலையில்லை. படிப்பு முடிந்து முதல் வேலையிலும் அதே மெஷின் ஓடும். வீட்டில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஃபெடோரா எடு. ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள், வருடா வருடம் மாற்றியே ஆக வேண்டும். ஆர்ச் கற்றுக்கொள்ள அருமையானது. அதை விர்ச்சுவல் மெஷினில் வைத்துக்கொள், பிராஜெக்ட் சமர்ப்பிக்கிற மெஷினில் வேண்டாம்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து அது வந்ததால், ஊரில் இருக்கும் சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்குப் பழகிய பெயர். 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் கொண்டுவந்த மாயா ஓஎஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. டிப்போவும் கண்டோன்மென்ட்டும் சூழ்ந்த நம்ம ஊருக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. பாஸின் அடித்தளம் டெபியன் என்பதால் அது தெரிந்த பிள்ளைக்கு உபுண்டு அந்நியமாக இருக்காது. புரோகிராமிங்குக்கு நான் உபுண்டுவைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு எர்ரர் வந்தால், அதே எர்ரரைப் பார்த்துத் தீர்த்தவர்கள் அங்கே அதிகம்.

இனி முக்கியமான பகுதி. இன்ஸ்டால் பட்டனை அழுத்தும் முன் பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டிப் பார். டவுன்லோட் சுமார் 6 ஜிபி வரும், மொபைல் டேட்டா அன்றைக்கே தீர்ந்துவிடும். கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள். ஓட்டிப் பார்க்கும்போது வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதி. வைஃபை மட்டும் வரவில்லையென்றால் கைவிடாதே. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடு. இன்ஸ்டால் முடிந்ததும் அந்த நெட்டிலேயே டிரைவரை இறக்கிவிடலாம். என்விடியா கார்டு இருந்தால் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியில் காட்டுவதையே எடு, வெளியில் தேடிப் போகாதே.

விண்டோஸை அழித்துவிடாதே, பிளேஸ்மென்ட் முடியும் வரைக்குமாவது. ஆன்லைன் தேர்வுக்குப் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்றவை லினக்ஸில் ஓடாது. இரண்டையும் அருகருகே வை. அதற்கு முன் மூன்று வேலை. உன் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய் அங்கிருந்தே இடத்தைச் சுருக்கு. பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வை. பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். கையில் இல்லாவிட்டால் உன் ஃபைல்களை உன்னாலேயே திறக்க முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று அம்மா அப்பா கேட்டால், டாக்கரைக் காட்டு. விண்டோஸில் டாக்கருக்குள் ஒரு லினக்ஸ் தனியாக ஓட வேண்டும். லினக்ஸில் கன்டெய்னர்கள் ஏற்கெனவே ஓடுகிற கெர்னலையே பகிர்ந்துகொள்ளும். 8 ஜிபி ரேம் வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய மிச்சம், புது லேப்டாப் செலவைத் தள்ளிப்போடலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோதான் உன் வேலை என்றால் 16 ஜிபி வேண்டும், எந்த ஓஎஸ் போட்டாலும் சரி. ஐபோன் ஆப் எழுத மேக் தேவை, அதற்கு மாற்று சொல்ல மாட்டேன்.

பைத்தான் பிள்ளைகளுக்கு ஒன்று. உபுண்டு 24.04-இல் ‘பிப்’ நேராகப் போட்டால் மறுக்கும். சிஸ்டமே பைத்தானை நம்பி ஓடுவதால்தான் அந்தத் தடை. அதை உடைக்கிற வழியை யாராவது காட்டினாலும் செய்யாதே. ஒவ்வொரு பிராஜெக்ட்டுக்கும் ஒரு ‘வென்வ்’ போட்டுக்கொள்.

தமிழும் மராத்தியும் டைப் செய்ய ‘ஐபஸ்-எம்17என்’ போடு. தமிழ்99 அதில் இருக்கிறது. லோஹித் எழுத்துருக்களையும் சேர்த்துக்கொள். அவற்றை ரெட் ஹேட்டின் புணே பொறியாளர்கள் பல வருடம் பராமரித்தார்கள், நம்ம ஊர்க்காரர்கள் கைவேலை என்று சந்தோஷமாகவே சொல்லலாம். கட்டளைகளைத் தமிழில் படிக்கக் கணியம் அறக்கட்டளையின் ‘எளிய தமிழில்’ மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆங்கிலத்தில் திணறுகிற பிள்ளைக்கு முதலில் அதைக் கொடு.

செமஸ்டர் தேர்வு வாரத்தில் மட்டும் இதில் எதையும் தொடாதே. தீபாவளி லீவில் உட்கார்.