பத்து நிமிஷம் லேட்டா வந்த நிலா

லேப்ல ரீடிங் கொஞ்சம் தள்ளிப் போனா நாம என்ன செய்வோம்? பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்துச் சரி பண்ணிடுவோம். அப்படிப் பண்ணாத ஒருத்தரால்தான் ஒளிக்கும் ஒரு வேகம் உண்டுன்னு முதல்ல தெரிய வந்தது.

1610 ஜனவரியில் கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்டார். அவற்றில் வியாழனுக்கு மிக அருகில் இருப்பது அயோ. சுமார் 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை அது வியாழனின் நிழலுக்குள் போய் மறைந்து, திரும்ப வெளியே வரும்.

அந்தக் காலத்தில் கடலில் சரியான நேரம் காட்டும் கடிகாரம் கிடையாது. நேரம் தெரியலைன்னா தீர்க்கரேகை தெரியாது. கப்பல் எங்கே நிக்குதுன்னே தெரியாம பாறையில் மோத வேண்டியதுதான். அதனால் அயோவையே வானத்துக் கடிகாரமா வச்சுக்கலாம்னு அட்டவணை போட்டாங்க. அதில் பேர் பெற்றவர் காசினி.

ஆனா அட்டவணை அடிக்கடி தப்பியது. பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஓலே ரோமர், அந்தத் தப்புக்குள் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்தார். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோ லேட். நெருங்கும் மாதங்களில் சீக்கிரம்.

காரணம் என்ன? நிலா லேட்டா வரலை. பூமி விலக விலக, அதன் ஒளி நம்மை வந்து சேரும் தூரம்தான் கூடுது. ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 15 வினாடி வித்தியாசம். 40 சுற்று சேர்ந்தா? 10 நிமிஷம்!

1676 நவம்பரில் அயோ 10 நிமிடம் தாமதமாக வெளிவரும் என்று ரோமர் முன்கூட்டியே அறிவித்தார். அப்படியே நடந்தது. ஆனாலும் காசினி ஏற்கவில்லை. ரோமர் இறந்து 18 வருஷம் கழித்து, 1728-ல் ஜேம்ஸ் பிராட்லி வேறொரு வழியில் ஒளியின் வேகத்தைக் கண்டபிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை: பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார் ரோமர். உண்மையில் 16 நிமிடம் 38 வினாடி. எண் தப்பு, கண்டுபிடிப்பு சரி!

இதை நீங்களும் பார்க்கலாம். ஒரு 10x50 பைனாகுலர் போதும். வான வரைபட ஆப் ஒன்றில் வியாழன் எந்தப் பக்கம்னு பாருங்க. நட்சத்திரம் மாதிரி மினுக்காம நிதானமா ஒளிரும். ஹாஸ்டல் மொட்டை மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பாருங்க. கை ஆடினா எதுவும் தெரியாது. வியாழனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள் தெரியும். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நாள் அதை நோட்டில் வரைங்க. புள்ளிகள் இடம் மாறும். சில நாள் ஒன்று காணாமல்கூடப் போகும். அயோ நிழலிலிருந்து வெளிவரும் அந்தக் கணத்தைப் பார்க்க மட்டும் சின்னத் தொலைநோக்கி ஒன்று வேணும்.

நீங்க பார்க்கும் அந்த ஒளி, வியாழனை விட்டுக் கிளம்பி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அடுத்த தடவை லேப்ல ரீடிங் தப்பா வந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: ஒரே பக்கமா, ஒழுங்கா தப்புதா?