பாசி வட்டத்துக்குள் பூஞ்சை: திருமயத்தில் தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை நாலு நாள் விட்டுவிட்டுப் பெய்து, ஐந்தாம் நாள் லேசாக வெயில் அடிக்கும்போது கிளம்புங்கள். கண்மாய்க் கரையின் நிழல் பக்கம், வயல் வரப்பு, வாய்க்கால் ஓரத்துச் செம்மண் என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் காசு அகலத்தில் பச்சை வட்டங்கள் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான். "பாசி கெடக்கு, பாத்துப் போ" என்பார் அப்பத்தா.

அதில் ஒரு பகுதி பாசியே இல்லை. பள்ளிப் பாடத்தில் படித்த ஈரலுருத் தாவரங்கள், ரிக்ஸியாவும் மார்கான்ஷியாவும் சேர்ந்த கூட்டம் அது. பூ இல்லை, உண்மையான வேரும் இல்லை. வேரில்லாத செடி மண்ணிலிருந்து பாஸ்பரஸை எப்படி எடுக்கிறது? பல இனங்களுக்கு உள்ளே குடியிருக்கும் பூஞ்சை எடுத்துக் கொடுக்கிறது, செடி பதிலுக்குத் தான் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. மார்கான்ஷியா பாலியேசியா என்ற இனத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2010இல் அளந்து காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடித் தண்டுகளுக்குள்ளும் இதே மாதிரிப் பூஞ்சை கல்லாகி இருக்கிறது. வேர் என்ற உறுப்பு பரவுவதற்கு முன்பே இருந்த உறவு இது. பள்ளி மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தால் நம் ஊரிலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

முதல் வேலை அடையாளம் காண்பது. பத்து மடங்கு கைலென்ஸ் போதும். வழவழவென்று கையில் ஒட்டினால் பாசி. குட்டிக்குட்டி இலையும் நிமிர்ந்த தண்டும் இருந்தால் மாஸ். தட்டையான பச்சை நாடா இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் நடுவிலும் கோடு போட்டதுபோல் பள்ளம் ஓடி, எல்லாம் சேர்ந்து வட்டமாகக் கிடந்தால் அது ரிக்ஸியா. கத்தி நுனியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பஞ்சு நூல்போல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவை வேரிகள்.

திருமயம் கோட்டைப் பாறையிலும் மதிலிலும் சாம்பல், மஞ்சள் திட்டுகள் தெரியும். அவை லைக்கன். அதுவும் பூஞ்சைக் கூட்டுதான், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்வது. அங்கே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை அது, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லையும் சுவரையும் சுரண்டவே கூடாது. எடுப்பதானால் வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பிலிருந்து எடுங்கள்.

இரண்டு மூன்று கிளைகள் போதும், அடிமண்ணோடு பெயர்த்தெடுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். ஒரே ராத்திரியில் புழுங்கி வேறு பூஞ்சணம் பூத்துவிடும், அப்புறம் எது கூட்டாளி, எது அழுகல் என்று பிரிக்க முடியாது. ஒருமுறை அப்படி வைத்த மாதிரியில் இழைகளைப் பார்த்துவிட்டு நான் ஒரு வாரம் தவறாக நம்பிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் மடித்து, இடமும் தேதியும் எழுதி, அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து சீவுவது. மண்ணை நீரில் அலசிவிட்டு, கேரட் துண்டை நடுவில் கீறி அந்த இடுக்கில் செடியை நிறுத்துங்கள். ஈரமான புதுப் பிளேடால் கேரட்டோடு சேர்த்துக் குறுக்கே சீவுங்கள். இருபது சீவினால் இரண்டு நன்றாக வரும், அது போதும்.

சாயமேற்ற விலை உயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். வேர்களில் இருக்கும் பூஞ்சைக்காக 1998இல் வெளியான முறை ஒன்று உண்டு. வெள்ளை வினிகர் 95 மில்லிக்குப் பேனா மை 5 மில்லி கலந்து, அதில் மூன்று நிமிடம் கொதிக்கவைப்பார்கள். அதற்கு முன் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிச் செல்லுக்குள் இருப்பதைக் கரைத்துவிட வேண்டும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மட்டுமே செய்யுங்கள். நம் சீவல் வேரைவிட மெல்லியது. கொதிக்கவிட்டால் குழைந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் கரைசல் குழாயை நிறுத்திச் சில நிமிடம் சூடேற்றினால் சரியாக வரும். நன்றாக அலசி, மையில் இட்டு எடுத்து, இரண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். செல்களிலிருந்து மை இறங்கிவிடும், பூஞ்சையில் தங்கும். எல்லாப் பேனா மையும் பிடிக்காது. கறுப்பு மையில் தொடங்கி இரண்டு மூன்று வகை பாருங்கள்.

இனி எங்கே பார்ப்பது? மேலே காற்றறைகளும் பச்சையும் உள்ள பகுதியை விட்டுவிடுங்கள். பூஞ்சை வேரி வழியாக நுழைந்து, நடு நரம்பின் அடிப்பக்கத்து நிறமில்லாத செல்களில்தான் தங்கும். 100 மடங்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டு 400 மடங்குக்கு மாற்றுங்கள். செல்லுக்குள்ளேயே நுழைந்த இழை ஒன்று குட்டி மரம்போல் கிளைத்துக் கிளைத்து மெலிந்தால், அதுதான் கிளைக்கொத்து. இந்த வகைப் பூஞ்சையின் இழையில் குறுக்குச் சுவர் அநேகமாக இருக்காது. மூங்கில் கணுபோல் அடிக்கடி சுவர் தெரிந்தாலோ, செத்துப் பழுத்த செல்லில் மட்டும் இழை இருந்தாலோ, அது அழுகல் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் வேரி. வேரிகளில் இரண்டு வகை. ஒன்று வழவழப்பானது, மற்றொன்றின் உட்சுவரில் சிறு முளைகள் துருத்தியிருக்கும். அந்த முளைகள் புள்ளிப்புள்ளியாகத் தெரிவதைப் பூஞ்சை என்று எண்ணிவிடக் கூடாது. வேரியின் நீளத்துக்கும் நூல்போல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருமயம் வரப்பில் முதலில் கிடைக்கப்போவது ரிக்ஸியா, அதில் பெரும்பாலும் கூட்டாளிப் பூஞ்சை இருக்காது. மழையோடு முளைத்து மழையோடு முடியும் குறுகிய வாழ்க்கை. அவ்வளவு குறைந்த நாளுக்குச் சர்க்கரை கொடுத்துப் பங்காளி வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது என்பது ஒரு விளக்கம். ஒன்றும் தெரியாவிட்டால் உங்கள் வேலை தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதையும் நோட்டில் எழுதுங்கள். மை சரியாகப் பிடிக்கிறதா என்று அறிய, அதே மையில் சோளம் அல்லது வெங்காயத்தின் மெல்லிய வேரைச் சாயமேற்றிப் பாருங்கள். வயல் மண்ணில் வளர்ந்த வேரில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம்.

கொடைக்கானல் பக்கம் போக நேர்ந்தால் ஓடையோரத்து மார்கான்ஷியாவையும், பாறைச் சந்தில் டார்ஜியோனியா என்ற இன்னொரு ஈரலுருத் தாவரத்தையும் தேடுங்கள். டார்ஜியோனியாவில் பூஞ்சை குடியிருப்பது நன்கு அறியப்பட்டது. அந்தச் சீவலையும் திருமயத்து ரிக்ஸியாவையும் ஒரே கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். இனத்தின் பெயரில் சந்தேகம் வந்தால், காய்ந்த மாதிரியைக் காகித உறையில் போட்டு அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்கு எடுத்துப் போங்கள். உறையின் மேல் ஊர், இடம், மண், நிழலா வெயிலா, தேதி எல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

தை பிறந்து வெயில் ஏறினால் இந்த வட்டங்கள் சுருண்டு மண்ணோடு மண்ணாகிவிடும். எடுத்த இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். அடுத்த ஐப்பசியில் அங்கேயே மறுபடி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.